சாகாமத்து நாரைச் சோடி

நாரைக்குக் காவல் இருப்பது வெளியே சொல்லிக்கொள்ள முடியாத உத்தியோகம். சொன்னால் சிரிக்கிற வேலை பார்த்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

பெண் பார்க்கப் போனபோது

எண்பதுகளின் தொடக்கம். சாகாமக் குளத்தில் கருங்கழுத்து நாரைகள் இரண்டு வந்து தங்கியிருந்தன. ஆளின் நெஞ்சளவு உயரம், நீளச் சிவப்புக் கால், கறுத்த சொண்டு. இலங்கையிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் மிச்சம் என்று, அவற்றை யாரும் சுடாமல் பார்க்க அரசாங்க வனவிலங்குக் கந்தோர் என்னை வைத்தது. கல்முனையில் பெண் பார்க்கப் போன வீட்டில் இதையெல்லாம் பெருமையாக விளக்கினேன். பெண்ணின் வாப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஓம் தம்பி, அது நல்ல விசயம்தான். உத்தியோகம் என்ன பாக்கிறீங்க?"

சோடிதானா?

ஆணுக்குக் கறுத்த கண், பெண்ணுக்கு மஞ்சள் கண். வேறு வித்தியாசம் கிடையாது. ஒன்று அணைக்கட்டோரம் மேயும், மற்றது எட்டத்தில் நிற்கும். சத்தமும் போடாது. கண்ணைப் பார்த்து எழுதச் சொல்லிக் கந்தோரிலிருந்து படிவம் வந்தது. தூரக்கண்ணாடியோடு நான் மூன்று நாள் சேற்றில் கிடந்தும் கண்ணின் நிறம் பிடிபடவில்லை. வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை சைக்கிளில் இருந்தபடியே முடிவு சொன்னார்:

"கதைக்கிறதும் இல்ல, கிட்ட நிக்கிறதும் இல்ல. மாப்பிள பொஞ்சாதிதான், எழுதுங்க."

தேத்தண்ணிக் கடையில்

'அழிந்துவரும் பறவை' என்று படம் போட்ட அறிவித்தலைக் கடைச் சுவரில் ஒட்டினேன். ஒருவர் எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அவர் திரும்பிச் சொன்னார்:

"முடியப்போகுதெண்டா, அதுக்குள்ள ஒருக்காத் தின்று பாக்கணுமே."

கத்தியோடு இறங்கியவர்

கல்முனை முதலாளி ஒருவர் துவக்கோடு வந்தார். மார்க்கப்பற்றுள்ள மனிதர். நகத்தால் இரையைக் கிழிக்காத பறவை, அறுத்துத் தின்னலாம் என்று பள்ளிவாசல் லெவ்வையிடம் முதலே கேட்டுத் தெளிந்திருந்தார். நான் மறுகரையில் நின்ற நேரம் வெடி கேட்டது. நாரை நடுக்குளத்தில் விழுந்தது. உயிர் இருக்கும்போதே அறுக்க வேண்டுமென்று கத்தியோடு தாமரைக்குள் இறங்கினார். சேறு இழுத்தது. போய்ச் சேர்வதற்குள் அது செத்துவிட்டது.

நான் ஓடி வந்தபோது நாரை அணைக்கட்டில் கிடந்தது. இமையை விலக்கிப் பார்த்தேன், மஞ்சள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முதலாளி கால் கழுவிக்கொண்டே ஆறுதல் சொன்னார்:

"கவலப்படாதீங்க தம்பி, அறுக்காம செத்தது ஹறாம். நாங்க அதுல ஒரு துண்டும் தொடமாட்டம்."

தின்னலாமா என்று கேட்க ஊரில் லெவ்வை இருந்தார், சுடலாமா என்று கேட்க அரசாங்கம் என்னை வைத்திருந்தது, என்னிடம்தான் ஒருவரும் வரவில்லை.