டயர் செருப்பு

காளவாசல் கடையொன்றில் இன்று புது ரப்பர் வாடை அடித்ததும், உசிலம்பட்டிப் பக்கம் இப்போது தண்ணீர் நிறைந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் குவாரியும், கல் ஏற்றிய டிராலிகள் சரிவில் தடதடவென்று உருண்டுவந்த குட்டித் தண்டவாளமும் நினைவுக்கு வந்தன. தண்டவாளத்தில் சிந்திய கல்லை அள்ளுவது அப்பாவின் வேலை. வேட்டுச் சத்தத்தில் காது போனவர், தண்டவாளத்தில் வெறுங்காலை ஊன்றி, அதிர்வை வைத்தே டிராலி வருவதை அறிவார். வெள்ளைத் தூசி அப்பி, பாளம்பாளமாய் வெடித்த அந்தப் பாதங்களைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா சந்தையில் டயர் செருப்பு வாங்கிவந்தாள்.

"எம்புட்டு நாளைக்கு நொண்டுவீக? போட்டுட்டுப் போங்க" என்று சைகையோடு கத்தினாள். அப்பா சிரித்தபடி மாட்டிக்கொண்டார்.

அன்று மத்தியானம் டிராலி ஏறிய உடம்பைத் தூக்கிவந்தார்கள்.

"கால்ல ரப்பரு கெடந்ததுல அதிர்வு தெரியல போல, மதினி" என்றார் கூட வேலை பார்த்தவர்.

செருப்பில் ஒரு கீறல்கூட இல்லை.