ஊறவைத்த பத்திரிகைகள்

தோட்டத்து உரக்குழியில் போடப் பழைய பத்திரிகைகளைத் தண்ணீரில் ஊறவைத்தேன். ஈரத்தாளின் மணம் எழுந்தது. எனக்கு மறுபடி ஒன்பது வயது. கண்டியில் எங்கள் வாடகை வீடு.

அம்மா எதையும் வீணாக்க மாட்டார். வாசித்து முடித்த தமிழ்ப் பத்திரிகைகள்தான் அலுமாரிக்கு விரிப்பு, என் பாடப்புத்தகங்களுக்கு உறை, பருப்புக்குப் பை. தமிழருக்கு எதிரான கலவரம் தொடங்கிய காலையில் அந்த எழுத்துகளே எங்களைக் காட்டிக்கொடுக்கக் காத்திருப்பதுபோல் தெரிந்தன. அப்பா யாழ்ப்பாணம் போயிருந்தார்.

"எல்லாத்தையும் கிழி பிள்ளை. எரிச்சால் வெளியில தெரிஞ்சிடும். வாளித் தண்ணிக்குள்ள போடு."

"பள்ளிக்கூடப் புத்தகத்தையுமோ அம்மா?"

"ஓம், உறையோட சேர்த்துப் போடு. கெதியா!"

கிழித்துப் பிசைந்து கூழாக்கினோம். விரலெல்லாம் மை.

பத்து மணியளவில் பொல்லுத் தடிகளோடு ஆட்கள் வந்தார்கள். வாசலில் அம்மா சரளமான சிங்களத்தில் பேசினார். இருந்தும் ஒருவன் குசினிக்குள் நுழைந்து, அலுமாரியைத் திறந்து, பீங்கான்களை ஒதுக்கினான். கீழ்த்தட்டில் ஒட்டிக்கிடந்த ஒரு துண்டை நாங்கள் கவனிக்கவில்லை. அதில் பெரிய தமிழ்த் தலைப்பு. அவன் அதைப் பார்த்தான். பிறகு என் விரல்களைப் பார்த்தான். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அவன் ஒரு பீங்கானை எடுத்து அந்தத் துண்டின்மேல் வைத்தான்.

"இவர்கள் நம்மவர்கள்தான், வாருங்கள் போவோம்," என்று சிங்களத்தில் வெளியே கத்தினான்.

அவர்கள் போனபின்பும் அம்மா அழவில்லை. அரை மணித்தியாலம் கழித்து, அடுத்த வீதியில் புகை எழும்பியபோதுதான் அழுதார்.