உட்கார முடியாத மாலைகள்

முதலில் அது வலது முழங்காலுக்குக் கீழேதான் வந்தது. பள்ளியிலிருந்து திரும்பி, குளித்துவிட்டு, கணக்கு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்திருந்தேன். காலை அசைக்க வேண்டும்போல் இருந்தது. அசைத்தேன், அடங்கியது. மறுபடி வந்தது. எழுந்து நடந்தேன். நடக்கிறவரை ஒன்றுமில்லை. உட்கார்ந்ததும் திரும்ப வந்துவிட்டது.

வலி என்று சொல்ல முடியாது. எரிச்சலும் இல்லை, அரிப்பும் இல்லை. "எலும்புக்குள்ள சோடா பொங்குத மாதிரி இருக்கு" என்று கணவர் ஜெபராஜிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

"நாள் முழுக்க நின்னு பாடம் நடத்துதே. அதான். பேசாம காலை நீட்டிப் படுளா" என்றார். படுத்தேன். இரண்டு கால்களிலும் வந்தது.

என்னைக் குழப்பியது இதுதான். ஓய்வெடுத்தால் நோய் குறையும் என்றுதான் எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கோ ஓய்வெடுத்தால்தான் நோய் வந்தது. காலையில் வகுப்பில் நிற்கும்போது இரண்டும் நல்ல கால்கள். பொழுது சாய்ந்தால் வேறு யாருடைய கால்களோ ஆகிவிடும். இதை டாக்டரிடம் எந்தச் சொல்லில் சொல்வது?

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். இன்னொருவர் கால் நரம்புச் சுருட்டல் (ரத்தக் குழாய் வீங்கி முறுக்கிக்கொள்வது) இருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதுவும் இல்லை. "மனசுல ஏதாவது கவலை இருக்காம்மா?" என்று கேட்டார். மகள் ஷீபாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். கவலை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை மனம்தான் காரணமோ என்று நானும் நம்பத் தொடங்கினேன்.

தூக்கம் கெட்டது. கரும்பலகையில் கூட்டலைத் தப்பாகப் போட்டேன். உடன் வேலைபார்க்கும் டீச்சர் ஒருவர், சளிக்குப் போடும் மாத்திரை ஒன்றைப் போட்டால் தூக்கம் வரும் என்றார். போட்டேன். கண் சொருகியது, கால் மட்டும் இன்னும் அதிகமாகத் துடித்தது. நோய்தான் முற்றுகிறது என்று நினைத்து இரண்டாகப் போட்டேன்.

சாத்தான்குளத்தில், மாப்பிள்ளை வீட்டில் வைத்து நிச்சயதார்த்தம். சாயங்கால நேரம். போதகர் ஜெபிக்கத் தொடங்கியதும் கால் தொடங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. எழுந்து பின்வாசலுக்குப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். மோதிரம் மாற்றும்போதுகூட நான் வாழை மரத்தடியில் நடந்துகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா பின்னாலேயே வந்தார். "சம்பந்தி, இந்தச் சம்பந்தம் ஒங்களுக்குப் பிடிக்கலன்னா இப்பவே சொல்லிருங்க."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல. கால் ஒரு மாதிரியா வருது."

அவர் என் கால்களைப் பார்த்தார். வீக்கமோ காயமோ எதுவும் இல்லை. "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காரில் திரும்பும்போது ஷீபா அழுதாள். "எனக்காக அரை மணிக்கூறு உக்காரக் கூடாதாம்மா?" 

அந்த வாரம் ஜெபராஜே என்னை ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப்போனார். இளவயதுப் பெண். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. பிறகு கேட்டார்: "உக்காந்தாத்தான் வருதா? நடந்தா போகுதா? சாயங்காலத்துக்கு மேலதான் அதிகமா?" எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். ஒருவர் கேள்வியாகக் கேட்ட பிறகுதான், அது எனக்குள் மட்டும் நடக்கிற பைத்தியக்காரத்தனம் இல்லை என்று தோன்றியது.

"மாதவிலக்கு எப்படிப் போகுது?"

கணவர் பக்கத்தில் இருக்கிறாரே என்று தலை குனிந்தேன். அவரே சொன்னார்: "ரொம்பப் போகுது டாக்டர். இவ சொல்ல மாட்டா."

காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? டாக்டர் விளக்கினார். இதன் பெயர் அமைதியற்ற கால் நோய். கால்களை அடக்கி வைக்கும் வேலையை மூளை சரியாகச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போனால் அந்த இரும்பும் சேர்ந்து போய்விடும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் (ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் பொருள்) ஏறக்குறையச் சரியாகத்தான் இருந்தது. ஃபெரிட்டின் (உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவு) மிகவும் குறைந்திருந்தது. சளி மாத்திரையைச் சொன்னதும், "மொதல்ல அத நிறுத்துங்க. அது இந்த நோயைக் கூட்டும்" என்றார்.

இரும்புச்சத்தை ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ரத்தப்போக்குக்குக் காரணம் கருப்பையில் இருந்த நார்க்கட்டி (புற்றுநோய் அல்லாத தசைக் கட்டி) என்று ஸ்கேனில் தெரிந்தது; அதற்குத் தனியாக மருந்து. ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. நல்ல மாலை ஒன்று வரும், மறுநாள் பழையபடி ஆகும். இரும்பா, சளி மாத்திரையை விட்டதா, டாக்டர் சொல்லி இரவுக் காபியை நிறுத்தியதா, எது கேட்டதென்று இன்றும் தெரியாது. இதைப் படிப்பவர்கள் பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அளவு மீறினால் அதுவும் கெடுதல்.

சம்பந்தியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "சரி, ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை. கல்யாணம் நடந்தது. ஷீபா நன்றாக இருக்கிறாள்.

போன மாதம் குலசேகரன்பட்டினத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு நானும் ஜெபராஜும் சாயங்கால பஸ்ஸில் போனோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கால் எப்போது தொடங்கும் என்று காத்திருந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

"ஏளா, எந்தி. ஊரு வந்துட்டு."

எழுந்தேன். இடது கால் தரையில் பாவவில்லை. பயத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னமோ ஆயிட்டு. கால் இருக்கதே தெரியலங்க."

அவர் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மரத்துப் போயிருக்குளா. அவ்வளவு நேரமா அசையாம உக்காந்திருக்கே."

பிறகு கண்டக்டரைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒரு நிமிசம் பொறுங்க" என்றார். பஸ் முழுக்க எங்களையே பார்த்தது. நான் மறுபடி உட்கார்ந்து, என் கால் எனக்குத் திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.