ஏ பக்கம் வீட்டுக்காரிக்கு

அந்தக் கேசட்டை நான் வெறுத்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? தொண்ணூறுகளில் அபுதாபிப் பக்கம் ருவைஸில் ஓர் அமெரிக்க வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கு டிரைவராக இருந்தேன். காலையில் பிக்கப்பில் ஏறியதும் மனிதர் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துச் சொருகுவார். பாட்டா அது? நாலு பேர் தகர டிரம்மை உருட்டிக்கொண்டே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். ஒரு பாட்டு என்னவென்று பிடிபடுவதற்குள் முடிந்து அடுத்தது ஆரம்பித்துவிடும். வெளியே வெயில், உள்ளே இது. அரைத் தூக்கத்தோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் எனக்கு வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று வரும்.

ஒரு நாள் பொறுக்காமல், இந்த ஆள் ஏன் சார் இப்படிக் கத்துகிறான் என்று கேட்டுவிட்டேன். கத்துவது தன் நண்பன், டிரம் அடிப்பது தான் என்றார். அவரே பொறுமையாகச் சொன்னார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்கள் நாட்டில் கிளம்பியது அது; ஹார்ட்கோர் என்று பெயராம். முன்னால் வந்த பங்க் பாட்டுக்காரர்கள் பெரிய கம்பெனிகளிடம் போய்ச் சேர்ந்து சொகுசாகிவிட்டார்கள் என்று சின்னப் பையன்களுக்குக் கோபம். அதனால் இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாக அடித்தார்கள். எந்தக் கம்பெனியும் சீந்தவில்லை. தாங்களே இசைத்தட்டு போட்டு, அட்டை மடித்துப் பசை ஒட்டி, தபாலில் விற்றார்கள். வீட்டு நிலவறையிலும் வாடகைக்கு எடுத்த சர்ச் ஹாலிலும் கச்சேரி. பாடுகிறவனும் கேட்கிறவனும் ஒரே தரையில் நிற்பார்கள். மைக்கை யார் வேண்டுமானாலும் பிடுங்கிக் கத்தலாம். ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போய் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் படுத்துக்கொள்வார்கள். கொஞ்ச வருஷத்தில் அடிதடிக்கென்றே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பலர் அலுத்துப்போய் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். நண்பன் செத்துப்போனான். அவன் குரல் மிச்சமிருப்பது இந்த ஒரு கேசட்டில், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும்.

அதற்குப் பிறகும் எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. குறைக்கச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

என் ரூமில் பரமக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார், பைப் ஃபிட்டர். யாராவது லீவில் ஊருக்குக் கிளம்பினால் கேம்ப்பில் எல்லோரும் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவோம். அதே கேசட்டில் வீட்டார் பதில் பேசி அனுப்புவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, பிளாண்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் என்று எங்களுக்கெல்லாம் டியூட்டி. அன்று ஒருவருக்குத் திடீரென்று லீவு கிடைத்துவிட்டது. கடைகள் தொழுகைக்காக அடைத்திருந்தன. புதுக் கேசட் கிடைக்காமல் அண்ணன் தவித்துப்போனார். என்ன விஷயம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார், சொன்னேன். சட்டைப் பையில் கையை விட்டு அந்தக் கேசட்டை எடுத்தார். "பி பக்கம் காலி. அதில் பேசச் சொல்."

நானும் அப்படியேதான் சொன்னேன். அண்ணன் ஏ பக்கத்தில், பாட்டின் மேலேயே பேசிவிட்டார்.

"நான் என்னண்ணே சொன்னேன்?"

"போடா. ஏ பக்கம் வீட்டுக்காரிக்கு, பி பக்கம் பங்காளிகளுக்குன்னு ஊருக்கே தெரியும். அவளுக்குப் போயி பி பக்கத்துல பேசினா, நாளைக்கு அவ மூஞ்சில முழிக்க முடியுமா?"

அதற்குள் கேசட் போன பெட்டி அபுதாபி ஏர்போர்ட்டைத் தாண்டியிருந்தது. இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. "கலாஸ்," என்றார், முடிந்தது என்று அரபியில்; அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்து வந்த நாட்களில் பிக்கப்பில் ஒரு சத்தமும் இல்லை. நான் எவ்வளவோ ஏங்கிய அமைதி கிடைத்தது, சகிக்கவில்லை.

பதில் வந்தது. அண்ணன் அதை உடனே கேட்கவில்லை. நேரே பிக்கப்புக்கே கொண்டுவந்தார். மூவரும் உட்கார்ந்து போட்டுக் கேட்டோம்.

"ஏங்க, நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்பிடுறேன்னு ஒவ்வொரு தடவையும் அதையேதான் பேசுறீக. அது எனக்கு மனப்பாடம். அதுக்கு மேலதான் இப்பப் பேசுறேன். பின்னாடி கத்துறதை அழிக்க மனசு வரலைங்க. என்ன பாஷையோ, அங்க போயிப் படிச்சீகளோ என்னமோ. ஆனா அது நீங்கதான். உள்ள இம்புட்டு வச்சுக்கிட்டா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னீக?"

அவள் பேச்சு முடிந்த இடத்தில் அந்த நண்பன் வெடித்துக்கொண்டு வந்தான். முன்பாதி போய்விட்டது, பின்பாதி அப்படியே இருந்தது. இன்ஸ்பெக்டரின் விரல்கள் டாஷ்போர்டில் டிரம் அடித்தன. அடித்துக்கொண்டே அழுதார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அது நீ இல்லை என்று அவளிடம் சொல்லப் போகிறாயா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் நகல் எடுத்துக்கொண்டு கேசட்டை அண்ணனிடமே கொடுத்துவிட்டார்.

அடுத்து ஒருவர் லீவில் போனபோது அண்ணன் புதுக் கேசட் வாங்கிவந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். "நல்லா இருக்கேன்," என்று வழக்கம்போல ஆரம்பித்தார். நிறுத்தினார். டேப்பைப் பின்னுக்கு ஓட்டி, மறுபடி பட்டனை அழுத்தினார்.

"ஆமா புள்ள. அது நாந்தான்."