சால்வைக்குப் பின்னால் வந்த நோட்டு

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஒரு தீபாவளிக்கு என் கொழுந்தன் புடவை எடுத்துக் கொடுத்து, கூடவே ஒரு காகிதத்தையும் நீட்டினான். நம்பிப் போட்டேன். அரை ஏக்கர் போய்விட்டது.

அதனால், திண்டிவனத்துச் சேவை சங்கத்தார் எங்கள் ஊர் ஒலக்கூருக்கு வந்து, "மல்லாட்டை விதையைப் பூச்சி விழாம எப்படி வச்சிக்கினு இருக்கீங்கன்னு எங்க கூட்டத்துல பேசணும்மா" என்று கூப்பிட்டபோதே சந்தேகப்பட்டேன். டாக்டரும் வக்கீலும் உட்காரும் இடத்தில் நிலக்கடலை போடுகிற நான் எதற்கு? பயந்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாதே என்றுதான் போனேன்.

மேடையில் சால்வை போர்த்தினார்கள். உடனே செயலாளரம்மா ஒரு நோட்டை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

"சால்வையைப் போத்திட்டு கையெழுத்தா? யாருகிட்ட? இந்தா, நீயே வச்சிக்கோ!"

சால்வையை உருவி நோட்டின் மேல் போட்டேன். அந்தம்மா கோபப்படவில்லை. "வேணாம்மா, பேசுங்க போதும்" என்றார்.

பேசினேன். பந்தியில் அவரே எனக்குச் சாம்பார் ஊற்றினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டைப் படித்துக் காட்டினார். அதுவரை பேச வந்தவர்களின் பேரும் கையெழுத்தும்தான் இருந்தன. கடைசியில் என் பேரை எழுதி, கீழே இடம் விட்டிருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்போதும் வீம்பாக எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் அழைத்திருக்கிறார்கள். போகிறேன். ஆனால் அவர்கள் பேனாவில் போட மாட்டேன். சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.