இருபத்தைந்து மீட்டர்

ஸ்மரண்டா கணக்கைப் போடுவதற்கு முன் அதோடு சண்டை போடுவாள். டிராம் ஓட்டிவிட்டு மதியம் வீட்டுக்கு வந்ததும், சீருடையைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் பயிற்சிப் புத்தகத்தை விரித்து, "என்னடா சொல்ற நீ?" என்று அதட்டுவாள். பதில் அடுத்த அறையிலிருந்து வரும். அவள் மாமியார் பரஸ்கிவா: "புத்தகத்தையாவது நிம்மதியா இருக்க விடுடி."

படுக்கையில் கிடக்கும் பரஸ்கிவாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் மாலைப்பள்ளியில் படிக்கும் இந்த நாற்பத்தேழு வயது மாணவியை வேடிக்கை பார்க்கிறேன்.

வேதியியலில் அவளை அசைக்க முடியாது. பத்து சதவீத உப்புக் கரைசல் என்றால், "பத்தா? அதுல ஊறுன வெள்ளரிக்கா வாயில வைக்க வெளங்காது, ஒலிம்பியாக்கா" என்று என்னிடம் முகம் சுளிப்பாள். விடை மட்டும் சரியாக வந்துவிடும். எந்த அமிலமானாலும் மனதுக்குள் வினிகராக மாற்றிக்கொள்கிறாள், கந்தக அமிலத்தையும்தான். அது தெரிந்தபிறகு அவள் தரும் ஊறுகாயை நான் முகர்ந்து பார்க்காமல் தின்பதில்லை.

இயற்பியல்தான் வம்பு. "உராய்வைப் புறக்கணிக்கவும்" என்ற வரியைக் கண்டாலே கொதிப்பாள். "இருபத்திரண்டு வருஷமா உராய்வ நம்பி பிரேக்க மிதிச்சுத்தான் இந்த யாஷ் நகரத்து சனத்த உசுரோட எறக்கி விடுறேன். இவன் புறக்கணிக்கச் சொல்றான்!"

மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி. மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் டிராம், ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு இரண்டு மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் எத்தனை மீட்டரில் நிற்கும்? இருபத்தைந்து. ஸ்மரண்டா நாற்பது என்று எழுதினாள். கீழே காரணமும் கொடுத்தாள்: அக்டோபர் மாதம், கோப்போ இறக்கம், தண்டவாளத்தில் நனைந்த லிண்டன் மர இலை. தேர்வு நடந்ததோ ஜூனில். மாலைப்பள்ளி வாத்தியார் ப்ரோதான், "கேள்வியில் இலை இல்லை" என்று சிவப்பு மையில் எழுதி, மொத்தத் தாளுக்கும் பத்துக்கு நாலே முக்கால் போட்டார். தேற ஐந்து வேண்டும்.

திங்கட்கிழமை உண்மையான தேர்வு. தேறினால் டிப்போவில் புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரும் வேலை. தேறாவிட்டால் டிராமில் பழைய இருக்கைதான். அவள் முதுகுக்குத் தைலம் தேய்ப்பவள் நான். அந்த முதுகு இன்னொரு குளிர்காலம் தாங்காது.

அதனால் நேற்று அந்தக் கணக்கையே மறுபடி எடுத்து வைத்தேன். "இலையப் போட்டா வேலை போச்சு. ஒழுங்கா எழுது."

"பொய் எழுதச் சொல்றீங்களாக்கா?"

"பொய் என்ன பொய்? தண்டவாளம் காஞ்சு கெடக்குன்னு வச்சுக்கோ."

"நாளைக்கு என்கிட்ட கத்துக்க வர்ற பொண்ணு, எப்பவும் இருபத்தஞ்சுல நின்னுடும்னு நம்பிட்டா? எதுக்க ஒரு ஆளு நின்னா?"

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. "மொதல்ல நீ தேறுடி! அவளுக்கு நாப்பதுன்னு அப்புறம் சொல்லிக் குடு. வாத்தியாருக்கு இருபத்தஞ்சப் போட்டுத் தொலை."

ஸ்மரண்டா பல்லைக் கடித்துக்கொண்டு சூத்திரத்தை எழுதினாள், எண்களைப் போட்டாள், இருபத்தைந்து மீட்டர் என்று முடித்து இரண்டு முறை அடிக்கோடிட்டாள். பரஸ்கிவாவைப் புரட்டும் நேரம் ஆகிவிட்டது. நழுவி விழுந்த துண்டை எடுக்க மேசைக்கு அடியில் குனிந்தேன். ஸ்மரண்டாவின் வலது கால், விரல்கள் வெளுக்க, இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.