இரண்டாவது அடுப்பு

மே பதின்மூன்று, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டேன். முந்தின நாளின் டைரியை எழுதி முடித்தேன். கணவருக்கும் கல்லூரிக்குப் போகும் மகளுக்கும் இட்லி அவித்து மூடி வைத்துவிட்டு மயிலாப்பூரில் பஸ் ஏறினேன்.

அடையாறில் இருக்கும் ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. இப்போது நடக்கும் ஆய்வு வயதானவர்கள் இருக்கும் வீடுகளைப் பற்றியது. யார் என்ன வேலை பார்க்கிறார்கள், ஓய்வூதியம் உண்டா, மின்சாரம் எவ்வளவு, ஒரு கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்றெல்லாம் கேட்போம். வருஷத்துக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குத் திரும்பப் போவோம். எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் ஒரு விதி உண்டு. ஒரே அடுப்பில் ஆக்கிச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கூரை ஒன்றே ஆனாலும் அடுப்பு இரண்டென்றால் குடும்பமும் இரண்டு.

அன்று போனது கடலோரக் குப்பத்தில் ஒரு வீட்டுக்கு. எந்தக் குப்பம் என்று எழுதமாட்டேன். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா, முட்டிவலி வந்த பிறகு கூடையை இறக்கிவிட்டார். முதியோர் உதவித்தொகை வருகிறது. மகன் பைக்கில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். மருமகளுக்கு தி.நகர் ஜவுளிக்கடையில் மதிய ஷிப்ட். மகன் சோறு போடுவது தெரிந்தால் உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள் என்று அந்தத் தெருவே நம்புகிறது. அதனால் பின்னறையில் அந்த அம்மாவுக்கென்று ஓர் ஒற்றை அடுப்பும் சின்ன சிலிண்டரும் வாங்கி வைத்திருந்தார்கள். போன வருஷம் நான் பார்த்தபோது அடுப்பில் ஒட்டிய விலைச்சீட்டுகூட உரியவில்லை. மாமியாரும் மருமகளும் முன்னறையில் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டே, “ரெண்டு அடுப்புதாங்க்கா” என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் இரண்டு என்று எழுதி, பார்த்தது ஒன்று என்று குறிப்பும் சேர்த்தேன்.

“இன்னாமா, அடுப்ப எண்ண வந்துட்டியா?” என்றார் அந்த அம்மா, இந்த முறையும்.

பின்னறைக்கு அழைத்துப்போனார். பர்னர் கறுத்திருந்தது. பொங்கி வழிந்த கஞ்சி அதைச் சுற்றிக் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய சோறு. சிலிண்டர் எவ்வளவு நாள் வருகிறது என்று கேட்டேன்.

“அது கெடக்குது மாசக்கணக்கா. ஒருவேள ஆக்குறேன். தண்ணி ஊத்தி வெச்சா மறுநாளைக்கும் ஆவும்.”

“குழம்பு?”

“முன்னாடி ரூம்லேர்ந்து வாசன வருதே, அத்த மோந்துகினே துன்ன வேண்டியதுதான்.” சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உதவித்தொகை விஷயமாக யாரோ விசாரணைக்கு வரப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததாம். கொஞ்ச நாளைக்கு நிஜமாகவே தனியாக ஆக்கச் சொல்லியிருக்கிறாள் மருமகள். “ஒருத்தனும் வர்ல. ஆனா அதுவே பழகிப்போச்சு. பேரனாண்ட ஒரு துண்டு மீனு கேட்டா, ‘ஆயா, உனக்குத்தான் தனி அடுப்பு கீதே’ன்றான்.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீ ஒண்ணு பண்ணு கண்ணு. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, ஒண்ணாதான் துன்னணும்னு அவளாண்ட சொல்லு. நீ சொன்னா கேப்பா. கையில மிஷின் வெச்சினு கீற இல்ல.”

டேப்லெட்டைச் சொல்கிறார்.

“நீங்களே கேக்கலாமே?”

“நான் கேட்டு, நாளிக்குப் பணம் நின்னா? உன் நாக்காலதான் போச்சுன்னுவா. அத்தோட, கேட்டு வாங்கித் துன்னா அது சோறாம்மா?”

முன்னறையில் மருமகள் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். “ரெண்டுன்னுதான போட்டீங்கக்கா? மாத்திடாதீங்க. அத்தைக்கு மாத்திரையே அந்தப் பணத்துலதான்.”

எங்கள் தகவல் எந்த அரசு அலுவலகத்துக்கும் போகாது என்றேன்.

“எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க. ஆனா அத்தைக்கும் இதான் புடிச்சிகீது. என் சமையல்ல உப்பு இல்ல, ஒறப்பு இல்லன்னு நொட்ட சொல்லாம நிம்மதியா கீறாங்க.”

அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. இரண்டு என்று பதிந்தேன். சொன்னதும் பார்த்ததும் இந்த முறை ஒன்றாகவே இருந்தன. குறிப்பு எழுத இடமில்லை.

மாலையில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். வீட்டில், மடித்த துணிகளை உதறி மறுபடி மடித்தேன். “என்ன, பூனை மாதிரி சுத்திக்கிட்டே இருக்கே?” என்றார் கணவர். சொன்னேன்.

“பேசக் கூடாதுன்னுதானே விதி?”

விதி சரிதான். நான் வீட்டு விஷயத்தில் தலையிட்டால், அடுத்த வருஷம் எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தத் தெருவுக்கு, அடுப்பைப் பற்றிக் கேட்டு வருகிற எல்லோரும் ஒரே ஆபீஸ்தான். அந்த இரண்டாவது அடுப்பை வாங்க வைத்த பயத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த அம்மா கேட்ட பொய்யைச் சொன்னால் மருமகள் கேட்பாள். ஆனால் கிழவிக்கு எங்கே சோறு என்று ஆபீஸ் முடிவுசெய்கிறது என்பது உறுதியாகிவிடும். வேறு எவராவது வந்து இரண்டு என்றால் மறுபடி பின்னறை. மருமகளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கணவர் செய்தி பார்த்தபடி சாப்பிட்டார். நான் சமையல் மேடையருகே நின்றபடியே முடித்தேன்.

புதன்கிழமை காலை, முகம் கழுவியதும் முதல் வேலையாக மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அந்த வீட்டை வேறு ஒருவருக்கு மாற்றச் சொன்னேன்.

“ஏதாச்சும் பிரச்சனையா மேடம்?”

“இல்ல. தெரிஞ்சவங்க வீட்டுக்கு நாம போகக் கூடாதில்ல? அவங்க எனக்குத் தெரிஞ்சவங்க.”

அடையாள அட்டையையும் டேப்லெட்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மருமகள் வேலைக்குக் கிளம்புமுன் பார்த்துவிட வேண்டுமென்று வெறுங்கையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.